துளசிமணியின் ஆட்கள்

முள்ளங்காட்டு வலசில் ஐப்பசி அடைமழை பிடித்த நான்காம் நாள், பதினோரு மணி டீ வருகிற நேரத்தில், சென்னியப்பக் கவுண்டரின் தேங்காய்க் களத்துக் கொட்டகையில் உட்கார்ந்து கொப்பரை தரம் பிரித்துக்கொண்டிருந்த துளசிமணி இருமினாள். இருமலோடு எழுபது எண்பது பேர் வெளியே வந்து விழுந்தார்கள்.

ஒவ்வொருவரும் கடுகளவு இருந்தார்கள். வெள்ளையாக, மெத்தென்று, முகமென்று தனியாக ஒன்றில்லாமல், ஆனாலும் எந்தப் பக்கம் பார்க்கிறார்கள் என்பது தெரிகிற மாதிரி இருந்தார்கள். விரித்த சாக்கின்மேல் விழுந்தவர்கள் எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு, வெளிச்சம் பழகும்வரை சற்று நின்று, பிறகு வந்த இடத்தை மரியாதையாகச் சுற்றிப் பார்த்தார்கள்.

பதினான்கு வருசமாகத் துளசிமணியோடு ஒரே குவியலில் கை போடுகிற ஈஸ்வரி தலையைச் சாய்த்துக் கீழே பார்த்தாள்.

"ஏன்க்கா, உங்க ஆளுங்களா?"

"அப்படித்தான் தெரியுது," என்றாள் துளசிமணி, முந்தானையால் வாயைத் துடைத்தபடி.

"டீ குடிப்பாங்களா?"

வந்தவர்களை வாங்க என்று கேட்காமல் விட்டால் மூன்று தலைமுறைக்குப் பேச்சு நிற்கிற ஊர் அது. ஈஸ்வரி தன் பங்கு டீயில் பாதியை ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றி நடுவில் வைத்தாள். வந்தவர்கள் அதைச் சுற்றி நின்று, ஆவியை வாங்கிக்கொண்டு, குடிக்காமல் நகர்ந்து, வெயில் காணாமல் நான்கு நாளாகப் புழுங்கிப் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பூத்துக் கிடந்த கொப்பரைக் குவியலின் அடிவாரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் யாரும் சொல்லாமலே வேலையைத் தொடங்கினார்கள். பூசணத்தின் ஒவ்வொரு தூளையும் பிரிந்துபோன சொந்தக்காரனைக் கட்டிப்பிடிப்பதுபோல் கட்டிப்பிடித்து, கட்டிப்பிடித்தபடியே உடம்புக்குள் இழுத்து விழுங்கினார்கள். மத்தியானச் சோற்றுக்குப் பெண்கள் எழுந்தபோது பாதிக் குவியல் வெளுத்திருந்தது.

அவர்களுக்கு அது புது வேலை இல்லை. கொப்பரைக் களத்தில் வேலை செய்கிறவள் காற்றை மட்டுமா இழுக்கிறாள்? ஒவ்வொரு மூச்சிலும் பூசணத்தின் தூள் உள்ளே போகிறது. காலையில் போகிறது, மதியத்தில் போகிறது, சாக்கை உதறும்போது கைநிறைய அள்ளிப் போட்டதுபோல் போகிறது. போகிற தூள் ஒவ்வொன்றும் ஈரமும் சூடும் கண்டால் முளைத்து நூலாக நீண்டு, வீட்டுக்காரியையே சாப்பிட்டுவிடக் கூடியது. துளசிமணியின் நெஞ்சுக்குள் கூடுகூடாக இருக்கிற காற்றறைகளில் அறைக்கு ஒருவராகக் குடியிருந்த இந்த ஆட்கள்தான் பதினான்கு வருசமாக, ஒரு நாள் லீவு போடாமல், போனஸ் கேட்காமல், அன்றன்றைய தூளை அன்றன்றே விழுங்கித் தீர்த்தவர்கள். இத்தனை நாளும் அவள் அவர்களைப் பற்றி ஒரு தடவைகூட நினைத்ததில்லை. யார்தான் நினைக்கிறோம்.

பொழுதோடு அவள் கொட்டகைக் கதவோரம் நின்று வாயைத் திறந்து மூச்சை இழுத்ததும் எல்லோரும் வரிசையாக உள்ளே ஏறிக்கொண்டார்கள். மறுநாள் பதினோரு மணிக்குத் திரும்ப வந்தார்கள்.

செய்தி வலசு முழுக்கப் போயிற்று. பள்ளிக்கூடத்து டீச்சர் மூன்றாம் வகுப்பைக் கூட்டிவந்து காட்டி, வீட்டுக்குப் போய்ப் பத்து வரி எழுதி வரச் சொன்னார். கோயில் பூசாரி தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார்; அவர்கள் நனையாத பக்கமாக நகர்ந்து வேலையைப் பார்த்தார்கள். ரேஷன் கடைக்காரர், யாரும் கேட்காமலே, புதுக் கார்டெல்லாம் தைக்கு அப்புறம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஊரில் எது நடந்தாலும் முதல் நாள் வேடிக்கை, இரண்டாம் நாள் விசாரணை, மூன்றாம் நாள் அதை வைத்து என்ன செய்யலாம் என்ற யோசனை. மூன்றாம் நாள் மற்ற களத்துக்காரர்கள் வந்தார்கள்.

பதினோரு களங்களிலும் மழை ஒரே மழைதான், பூசணமும் ஒரே பூசணம்தான். படுதாவுக்குக் கீழே கொப்பரை கறுத்துக்கொண்டிருந்தது. துளசிமணி ஒரு மணி நேரம் வந்து உட்கார்ந்து நாலு இருமல் இருமிவிட்டுப் போனால் போதும் என்று கேட்டார்கள். சென்னியப்பக் கவுண்டர் பெரிய மனசோடு அனுப்பிவைத்தார், அவருடைய குவியல்தான் வெளுத்துவிட்டதே. ஊர்க்கோடிக் களத்துக்குப் பஸ்ஸில் போன முதல் நாள் கண்டக்டர், "இத்தன பேருக்கும் டிக்கெட் போடட்டுமா, இல்ல உள்ள வெச்சுக் கூட்டிட்டு வந்தர்றீங்களா?" என்று கேட்டார். அவள் மூச்சை இழுத்து எல்லோரையும் உள்ளே வைத்துக்கொண்டாள்.

ஒரே ஒரு சிக்கல்தான் வந்தது. வந்தவர்கள் ஒறம்பறையா, வேலையாளா? விருந்தாளி என்றால் வேலை வாங்குவது முறையில்லை. வேலையாள் என்றால் கூலி தரவேண்டும். கவுண்டர் ஒரு ரூபாய்க் காசை அவர்கள் முன்னால் வைத்துப் பார்த்தார். அவர்கள் பாறையைச் சுற்றிப் போவதுபோல் அதைச் சுற்றிப் போனார்கள். கொட்டகையில் கூடியிருந்த களத்துக்காரர்கள் பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபோது ஈஸ்வரிதான் வாயைத் திறந்தாள்.

"கூலி வாங்காம அடுத்தவன் களத்துல எறங்கற ஆளுக்கு நம்மூர்ல ஒரே பேருதானுங்க. மாத்தாள்."

மாத்தாள் என்பது அங்கே பழைய வழக்கம். இன்று என் குவியலை நீ வந்து வாரிக் கொடுத்தால், நாளை உன் குவியல் நனையும்போது நான் வருவேன். காசு பேசுவதில்லை, ஆனால் வராமல் இருப்பதும் இல்லை. பங்காளிச் சண்டையில் முகம் பார்க்காதவர்கள்கூட மாத்தாளுக்கு வந்து, முகம் பார்க்காமலே வாரிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் அது சரிக்குச் சரியானவர்களுக்குள் நடப்பது. களத்துக்காரர் கூலிக்காரியோடு மாத்தாள் போட்டதாகச் சரித்திரம் இல்லை.

"அட, மாத்தாள்னே வெச்சுக்குவமே," என்று கவுண்டர் தொந்தி குலுங்கச் சிரித்தார். "அவங்க களத்துல எப்ப மழை பேஞ்சு, நாம எப்பப் போறது!"

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரும் சரி என்றார்கள். சாக்கின்மேல் நின்ற வெள்ளை ஆட்கள் அந்தச் சரியைக் கேட்டுக்கொண்டு குவியலுக்குப் போனார்கள்.

சும்மா சொல்லக் கூடாது, துளசிமணிக்கும் அது பிடித்திருந்தது. போகிற களத்திலெல்லாம் அவளுக்கு நாற்காலி போட்டார்கள். பதினான்கு வருசம் சாக்கில் குந்தியே முட்டி தேய்ந்தவள், நாற்பத்து நான்காம் வயசில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, "உன்ற ஆளுங்க மாதர ஆருக்கு வரும் துளசி!" என்று களத்துக்கு ஒரு தடவை கேட்டுக்கொண்டு, தன்னால்தான் ஊருக்குக் கொப்பரை பிழைக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அதனால் ஆட்கள் வீடு திரும்ப நேரமாவதை அவள் பொருட்படுத்தவில்லை. முதலில் பொழுதோடு எல்லோரும் வந்தார்கள். பிறகு பாதிப்பேர் வந்தார்கள். பிறகு, இந்தக் களம் முடியட்டும், அந்தக் களம் முடியட்டும் என்று குவியலிலேயே தங்கிப்போனார்கள். ஒரு களத்தைத் துடைத்து முடிப்பதற்குள் அடுத்த களத்துப் படுதா ஒழுகியது. ஊரார் களத்தில் ஆள் நிறைய, அவள் நெஞ்சு ஆளில்லாமல் திறந்து கிடந்தது. மூச்சோ அதே மூச்சு, தூளோ அதே தூள்.

முதலில் கண்டுபிடித்தவர் அவள் புருசன் அர்த்தநாரி. நாளெல்லாம் தேங்காய் உரிக்கிற மனுசர், நாளுக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

"துளசி, உன்ற மூச்சுல கொட்டகை வாசம் அடிக்குது."

"கொட்டகைல இருந்து வந்தவ மூச்சுல மல்லியப்பூ வாசமா அடிக்கும்?" என்றாள் அவள்.

அடுத்த வாரம் காய்ச்சல் வந்தது. படுத்தால் மூச்சு முட்டியது, உட்கார்ந்தே தூங்கினாள், தூங்கினால் விலா குத்தியது. இருமினாள், ஆட்கள் வரவில்லை, பழுப்பாகச் சளி வந்தது, அதற்கடுத்த நாள் சளியில் சிவப்பு வந்தது. அர்த்தநாரி உரித்துக்கொண்டிருந்த காயைப் பாதியில் விட்டுவிட்டு அவளைத் தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்.

டாக்டர் நிலோஃபர் எக்ஸ்ரேயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். கறுப்பாக இருக்கவேண்டிய இடத்தில் பஞ்சை உருட்டி வைத்தாற்போல் வெள்ளையாக இருந்தது.

"இது பூஞ்சைம்மா. நீங்க மட்டும் இல்ல, நானும்தான் தினம் இதை மூச்சுல இழுக்கறேன். ஊர்ல எல்லாரும் இழுக்கறாங்க. உள்ள காவலுக்கு இருக்கறவங்க தின்னு தீர்த்துருவாங்க. உங்க நெஞ்சுல காவலையே காணமே. எங்க போனாங்க?"

"வேலைக்குப் போயிருக்காங்க டாக்டர்," என்றார் அர்த்தநாரி.

"எந்த ஊருக்கு?"

"உள்ளூருதானுங்க. பதினோரு களத்துக்கு."

டாக்டர் தலையாட்டிக்கொண்டு சீட்டில் எழுதினார். "நான் மருந்து ஏத்தறேன். மருந்து பூஞ்சையை மேல வளர விடாமப் பிடிச்சு வெக்கும். தின்னு துடைக்கறது அவங்க வேலை, அது என்னால ஆகாது. மூணு நாளைக்குள்ள அவங்க வரணும். அதுக்கு மேல ஆச்சுன்னா ரத்தக்குழாய்க்குள்ள நூல் விட்டுரும். அப்புறம் என் கையில இல்ல."

ஈஸ்வரியும் அர்த்தநாரியும் பதினோரு களத்துக்கும் போனார்கள். குவியல் குவியலாகக் குனிந்து கூப்பிட்டார்கள். மறுநாள் மாலை நாலு மணிக்கு, பார்வையாளர் நேரம் தொடங்கியதும், ஈஸ்வரி ஒரு தூக்குப்போசியை இடுப்பில் அணைத்துக்கொண்டு வார்டுக்குள் வந்தாள். மூடியைத் திறந்தாள். உள்ளே முப்பத்தொரு பேர் இருந்தார்கள், நிற்க முடியாமல் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து.

"மிச்சப்பேரு?" என்றாள் துளசிமணி.

ஈஸ்வரி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். உதிர்ந்த சுண்ணாம்புத் துகள்போல் ஒரு பிடி இருந்தது.

துளசிமணி அழுதாள். அழுவதற்கும் மூச்சு வேண்டியிருந்தது, அதனால் நிறுத்தி நிறுத்தி அழுதாள். "எனக்குள்ள இருந்திருந்தா இன்னும் எத்தனையோ காலம் இருந்திருப்பாங்கடி. நாக்காலில உக்காரோணும்னு ஆசப்பட்டு நாந்தான் கொன்னுட்டேன்." தனக்கு என்ன ஆகும் என்ற பயத்தைவிட அந்த ஒரு பிடித் துகளைப் பார்த்த துக்கம்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

முப்பத்தொரு பேரும் மூச்சோடு உள்ளே போனார்கள். போய் என்ன செய்வது? தூளாக இருக்கும்வரைதான் கட்டிப்பிடித்து விழுங்க முடியும். அது முளைவிட்டு, கிளைவிட்டு, நூல் நூலாகப் பின்னிக் கிடந்தது. ஒருவர் வாய்க்குள் அடங்குகிற காரியமில்லை. அதற்கு இளவட்டங்கள் வேண்டும். குடியிருப்பவர்கள் கூப்பிட்டால் ரத்தத்தின் வழியே ஓடிவருகிற அந்த இளவட்டங்களுக்கு ஆயுசே ஒன்றிரண்டு நாள்தான். நூலை விழுங்க முடியாவிட்டால் தன் குடலையே உருவி வலையாக வீசி அதை மடக்கி, வீசிய வலையிலேயே செத்துப்போகிற வகை. துளசிமணியின் இளவட்டங்களோ இத்தனை நாள் காய்ச்சலில் வந்து வந்து தீர்ந்துபோயிருந்தார்கள்.

ஈஸ்வரி தூக்குப்போசியை மூடிவைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துளசிமணியின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு சபையில் பேசப்போகிறவளைப்போல் தொண்டையைச் செருமினாள்.

அவளுடைய ஆட்கள் வந்தார்கள். உதட்டில் நின்று கீழே பார்த்தார்கள், இறங்கினார்கள், ஈஸ்வரியின் தோளிலிருந்து கைக்கும் கையிலிருந்து துளசிமணியின் கைக்கும் நடந்து, தோளேறி, கழுத்தேறி, மூச்சு உள்ளே போகிற சமயம் பார்த்து உள்ளே போனார்கள். இந்தத் தடவை குடியிருப்பவர்களும் வந்தார்கள், இளவட்டங்களும் வந்தார்கள்.

"உனக்குடி?" என்றாள் துளசிமணி.

"எனக்கு ரெண்டு நாளைக்கு மூஞ்சில துணி கட்டிக்கறேன். மாத்தாள்னா மாத்தாள்தானக்கா. நீ சித்த சும்மா இரு."

அவளுக்குப் பின்னால் வராந்தாவில் பதினோரு களத்துப் பெண்களும் நின்றார்கள். நர்ஸ் பெனிட்டா கதவில் கையை வைத்து மறித்தாள். "ரெண்டு ரெண்டு பேராத்தான் விடுவேன். ஒரேயடியா எல்லாரும் உள்ள போனா பூஞ்சையோட சேத்து நெஞ்சையும் உடைச்சுப் போட்டுருவாங்க. கல்யாண வீட்டுப் பந்தியா இது?" அதனால் இரண்டிரண்டு பேராக வந்தார்கள், கையைப் பிடித்தார்கள், செருமினார்கள், மூஞ்சியில் துணியைக் கட்டிக்கொண்டு போனார்கள். ஆறு மணி மணியடிப்பதற்குள் இருபத்திரண்டு பேர் வந்துபோனார்கள்.

காய்ச்சல் ஒரு டிகிரி இறங்கியது. காலையில் அது மறுபடி ஏறியது.

"போதலை," என்றார் டாக்டர். "வந்தவங்களும் களத்துத் தூசியிலேயே காலம் போன ஆளுங்க. களைச்சுப் போயிருக்காங்க. ஓய்ஞ்சு உக்காந்திருந்த நெஞ்சுல இருந்து ஆள் வந்தாத்தான் ஆகும்."

களைக்காத நெஞ்சு வலசில் களத்துக்காரர்களுக்குத்தான் இருந்தது. ஈஸ்வரி அங்கேயும் போய்விட்டு வந்திருந்தாள். நடந்ததைப் படுக்கையோரம் உட்கார்ந்து மெல்லிய குரலில் சொன்னாள். மற்ற பத்துப் பேரும் கவுண்டரைக் கேட்டுக்கொண்டு வா என்றார்களாம். சென்னியப்பக் கவுண்டர் முதலில் கூலியாக எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றாராம். கூலி வாங்குகிறவர்கள் அவர்கள் இல்லையே என்று இவள் சொன்னாளாம். பிறகு அவர் துண்டை எடுத்துத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டு, "ஏம்புள்ள, என்ற மூச்சு அவ மூச்சுக்குள்ள போறதா? ஊரு என்ன பேசும்?" என்று கேட்டாராம். அவர் வீட்டில் களத்துப் பெண்களுக்குத் தண்ணீர் கொடுக்கிற டம்ளர் தனியாக வெளிச்சுவர் மாடத்தில் கவிழ்த்து வைத்திருக்கும்.

"நீ என்னடி சொன்ன?"

"அவ மூச்சுல இருந்து வந்தவங்க தொடச்சுக் குடுத்த தேங்காப் பருப்புலதானுங்க எண்ணெ ஆட்டி நீங்க சாமிக்கு வெளக்கு வெச்சீங்க, சாமி ஒண்ணும் பேசலீங்களேன்னு சொன்னேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு."

துளசிமணி கண்ணை மூடிக்கொண்டாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, கோபத்துக்கும் மூச்சு போதவில்லை. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் யாரோ சுவர் எழுப்பிக்கொண்டிருப்பது போலிருந்தது. சுவரைத் தாண்டித் தாண்டிப் போய்வந்தாள்.

மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்குக் கவுண்டர் வந்தார். ஊரார் பேச்சுக்குப் பயந்து வந்தாரோ, சாமிக்குப் பயந்து வந்தாரோ, இல்லை வெறுமனே பார்த்துவிட்டுப் போக வந்தாரோ, அது அவருக்கே தெரியாது. கையில் அரை டஜன் சாத்துக்குடி. வாயையும் மூக்கையும் துண்டால் பொத்திக்கொண்டு வார்டு வாசலிலேயே நின்றார்.

"எப்படிம்மா இருக்கற, துளசி?"

அவள் பதில் சொல்ல முயன்றாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. அவர் பதிலுக்காகக் காத்து நின்றார். பதில் இல்லாமல் போவதும் மரியாதையில்லை, நிற்பதற்கும் மனசில்லை. அந்தத் தர்மசங்கடத்தில் அவருக்குத் தொண்டை கரகரத்தது. செருமினார்.

துண்டின் மடிப்பிலிருந்து முதல் ஆள் தலைகாட்டினான். பிறகு பத்துப் பேர், பிறகு நூறு பேர். அறுபத்திரண்டு வருசம் மின்விசிறிக்குக் கீழே, குஷன் நாற்காலியில், தூசி படாத நெஞ்சில் உண்டு உறங்கிக் கிடந்தவர்கள், ஒவ்வொருவனும் கொழுகொழுவென்று மிளகளவு இருந்தான். துண்டில் இறங்கி, சட்டைப் பொத்தான்களைப் படியாக வைத்து இறங்கி, வேட்டிக் கரையைப் பிடித்து இறங்கி, ஆஸ்பத்திரித் தரையில் கோடு போட்டாற்போல் நடந்தார்கள்.

"டேய்! எங்கடா போறீங்க? ஆரக் கேட்டுப் போறீங்க?"

அவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. கொட்டகையில் அவர் சிரித்துக்கொண்டே சொன்ன சரியை, சொன்ன தொண்டைக்குக் கீழேதானே அவர்கள் குடியிருந்தார்கள். மாத்தாளுக்குச் சரி சொன்னால் போகவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதோடு பிறந்ததிலிருந்து உருப்படியாக ஒரு வேலையும் பார்க்காதவர்கள். கோயில் நோம்பிக்குப் போகிறவர்களைப்போல் ஆசை ஆசையாகக் கட்டில் காலில் ஏறினார்கள். நர்ஸ் பெனிட்டா ஓடிவந்து, "வரிசை, வரிசை, தள்ளாதீங்க!" என்று அவர்களையும் இரண்டிரண்டு பேராக்கினாள்.

துளசிமணி மூச்சை இழுத்தாள். இருந்த மூச்சு எல்லாவற்றையும் சேர்த்து இழுத்தாள்.

அதற்கப்புறம் நான்கு நாள் அவள் உடம்பு அவளுடையதாக இல்லை. விலாவுக்குள் சந்தை இரைந்தது. காய்ச்சல் ஏறிப் பல் கிட்டியது, வியர்த்துப் படுக்கை நனைந்தது, நெஞ்சுக்குள் யாரோ வலை வீசுவதும் யாரோ அறுப்பதும் அவளுக்குத் தெரிந்தது. மருந்து நூலை நீளவிடாமல் பிடித்துக்கொள்ள, இளவட்டங்கள் அதன்மேல் விழுந்தார்கள். விழுந்தவர்கள் எழவில்லை, அடுத்தவர்கள் விழுந்தார்கள். குடியிருப்பவர்கள் பின்னாலேயே வந்து, அறுபட்ட நூலையும் செத்துப்போன பிள்ளைகளையும் சேர்த்துக் கட்டிப்பிடித்து விழுங்கினார்கள். அவள் இருமி இருமித் துப்பிய கிண்ணத்தில் மஞ்சளாக இருந்ததெல்லாம் அவர்கள்தான். அர்த்தநாரி முகம் சுளிக்காமல் கிண்ணத்தை எடுத்துப்போவார், ஒவ்வொரு தடவையும் வாசலைத் தாண்டுவதற்குமுன் கொஞ்சம் நிற்பார்.

கவுண்டர் வீட்டுக்குப் போகவில்லை. எப்படிப் போவார்? காவலில்லாத நெஞ்சோடு, ஐப்பசி மாசத்தில், பூசணம் பறக்கிற களத்துக்கு? துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு, வார்டு மூலையில் அர்த்தநாரி உட்கார்ந்திருந்த அதே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி ரொட்டியைத் தின்றார். வார்டில் ஒரே டம்ளர்தான் இருந்தது, துளசிமணியின் தலைமாட்டில். முதல் நாள் தாகத்தோடு இருந்தார். இரண்டாம் நாள் குடித்தார்.

மூன்றாம் நாள் அவர் அவளுடைய மூச்சையே பார்த்துக்கொண்டிருப்பதை அவள் அரைக் கண்ணால் பார்த்தாள். அவள் இழுத்தால் இவர் இழுத்தார், விட்டால் விட்டார். தன் ஆட்களுக்காகப் பார்க்கிறாரா, தனக்காகப் பார்க்கிறாரா என்று அவள் யோசித்தாள். ஆருக்காக இருந்தால் என்ன, பார்க்கட்டும் என்று தோன்றியது.

ஐந்தாம் நாள் காலையில் கண் விழித்தபோது நெற்றி குளிர்ந்திருந்தது. ஏதோ ஒன்று குறைந்திருப்பதாகத் தோன்றி, என்னவென்று தேடி, விலாவில் குத்து இல்லை என்பதைக் கண்டுபிடித்தாள். பயந்துகொண்டே மூச்சை இழுத்தாள். போயிற்று. இன்னும் இழுத்தாள். இன்னும் போயிற்று. அடிவயிறுவரை போய், மூலை முடுக்கெல்லாம் தொட்டுவிட்டு, ஒரு தடங்கலும் இல்லாமல் திரும்பி வந்தது. அவளுக்குச் சந்தோசத்தில் கண்ணீர் வந்தது. கூட்டமாக ஆட்களை வைத்து நடந்த ஒரு வீட்டு விசேசம் நல்லபடியாக முடிந்து, பந்தலைப் பிரிக்கிற காலைபோல் உடம்பு ஓய்ந்து சுகமாகக் கிடந்தது.

டாக்டர் நிலோஃபர் புது எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகப் பல் தெரியச் சிரித்தார். "ஒரு தழும்பு இருக்கும். அது இருந்துட்டுப் போகட்டும். மாத்திரையை மட்டும் விடாம ஆறு மாசம் போடணும். இனி இவங்களை வீட்டுக்கு அனுப்புங்க. வேலை முடிஞ்சும் காவலுங்க கூட்டமா நின்னா வீட்டுக்கே ஆகாது."

நாலு மணிக்கு எல்லோரும் வந்தார்கள். பெண்கள் இருபத்திரண்டு பேரும் மூஞ்சித் துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி நின்றார்கள். மூலையிலிருந்து கவுண்டரும் எழுந்து வந்து நின்றார். துளசிமணி பொறுமையாக, நீளமாக மூச்சை விட்டாள். ஆட்கள் வெளியே வந்து வெள்ளைப் படுக்கை விரிப்பில் நின்றார்கள். போனதில் பாதிகூட இல்லை. கொழுத்தவர்கள் இளைத்திருந்தார்கள், களைத்தவர்கள் தேறியிருந்தார்கள், எல்லோரும் ஒரே அளவாக, ஒரே நிறமாக, ஒருவர் தோள்மேல் ஒருவர் சாய்ந்து நின்றார்கள்.

கவுண்டர் குனிந்தார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இதுல என்ற ஆளுங்க எவங்கம்மா?"

துளசிமணியும் எழுந்து உட்கார்ந்து பார்த்தாள். ஈஸ்வரி பார்த்தாள். பெண்கள் எல்லோரும் குனிந்து தேடினார்கள்.

"தெரியலீங்களே," என்றாள் துளசிமணி. "அவங்களுக்குமே தெரியாதாட்ட இருக்குதுங்க."

ஆறு மணிக்குக் கேட்டை மூடிவிடுவார்கள், கேட்டுக்கு வெளியே மழைக்காற்று வீசிக்கொண்டிருந்தது, வெறும் துணியை நம்பி இனியும் காவலில்லாமல் யாரும் வெளியே போக முடியாது. விரிப்பில் நின்றவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். கவுண்டர் பெண்களைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார், அத்தனை வருசம் களங்களில் குந்தியிருந்த முகங்கள்தான். பிறகு கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முட்டி போட்டு, விரிப்பின் உயரத்துக்குத் தலையைத் தாழ்த்திக் கண்ணை இறுக்க மூடி வாயைத் திறந்தார்.

விரிப்பில் அவர் வாய்க்குப் பக்கத்தில் நின்ற ஆட்கள் உள்ளே ஏறிக்கொண்டார்கள்.

மருந்து குடிக்கிற குழந்தையின் முகம் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்ததும் துளசிமணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை. வாய்விட்டு, வயிறு குலுங்க, பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்க்கும்படி சிரித்தாள். ஈஸ்வரி பயந்துபோய் அவள் முதுகைத் தடவக் கையை நீட்டினாள், அர்த்தநாரி கிண்ணத்தை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார், இருவரும் அவள் சிரித்து முடிக்கக் காத்திருந்தார்கள். அவள் சிரித்து முடித்தாள். இருமல் வரவில்லை.